சம்மதம் கேட்காமல் பிறந்த பெயர்

1867ஆம் ஆண்டு சென்னையில் ஒரு பாட்டுப் புத்தகம் அச்சாகி வெளிவந்தது. நான்கு திருமுறைகள் அடங்கிய திருவருட்பா. ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்ற பெயர் அந்தப் புத்தகத்தின் முகப்புப் பக்கத்தில்தான் அச்சேறியது. இன்று அந்தப் பெயரின் பின்பாதி மட்டும் ஊரெல்லாம் வழங்குகிறது. பாடப்புத்தகத்தில், தெருப்பலகையில், பேருந்து நிறுத்தத்தில், வீட்டுக் கூடத்துப் படத்தின் அடியில் வள்ளலார் என்றே இருக்கிறது. அவருடைய இயற்பெயரைச் சொன்னால், யாரைச் சொல்கிறோம் என்று ஒரு கணம் யோசிப்பவர்களும் உண்டு.

அந்தப் பெயரை அவர் கேட்டு வாங்கவில்லை. அதோடு, புத்தகம் வருவதற்கு முன்பே தனக்கு ஒட்ட வைக்கப்பட்ட இன்னொரு பட்டத்தை அவர் கடிதம் எழுதி மறுத்திருக்கிறார். அன்புள்ளவர்கள் அந்த மறுப்பைப் படித்தார்கள், பாதுகாத்தார்கள். படித்த பிறகும் முகப்புப் பக்கத்தில் அதைவிடப் பெரிய பட்டம் ஒன்றைப் போட்டார்கள். இதைக் குறையாகச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு, ஏனென்றால் அந்தப் புத்தகத்துக்காக அவர்கள் பட்ட பாடு பெரியது. ஆனாலும் ஒருவருடைய பெயர் அவருடையது என்று நினைக்கிறவர்கள் இந்தக் கதையை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கதை நடந்தது கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில்.

அவர் கடிதங்களின் அடியில் போட்ட கையெழுத்து ‘சிதம்பரம் இராமலிங்கம்’. இந்தக் கட்டுரையில் அவரை அந்தப் பெயராலேயே குறிப்பிடுகிறேன்.

கவனித்துப் பார்த்தால் அதுவே அவர் தேர்ந்தெடுத்துக்கொண்ட பெயர்தான். அவர் பிறந்தது சிதம்பரத்தில் அல்ல. சிதம்பரத்துக்கு வடமேற்கே உள்ள மருதூரில், 1823 அக்டோபர் 5இல். அப்பா இராமையா பிள்ளை, அம்மா சின்னம்மை, ஐந்து பிள்ளைகளில் இவர் கடைசி. பிறந்த சில மாதங்களிலேயே அப்பா காலமாகிவிட, அம்மா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பொன்னேரி போய், பிறகு சென்னைக்கு வந்துவிட்டார். ஏழுகிணறு வீராசாமி தெருவில்தான் இவர் வளர்ந்தார். முப்பது வயது தாண்டும்வரை இவருடைய ஊர் சென்னைதான். ஊர்ப்பெயரை முன்னால் வைத்து எழுதுவது நம் வழக்கம் என்பதால் மருதூர் இராமலிங்கம் என்று எழுதியிருக்கலாம், சென்னை இராமலிங்கம் என்றும் எழுதியிருக்கலாம். அவர் சிதம்பரத்தைப் போட்டுக்கொண்டார். கைக்குழந்தையாக இருந்தபோது தில்லைக்குத் தூக்கிப் போனார்கள் என்றும், நடராசர் சந்நிதியில் திரையை விலக்கியதும் குழந்தை வாய்விட்டுச் சிரித்தது என்றும் அவருடைய வரலாற்றில் சொல்வார்கள். மனம் எந்த ஊரில் இருந்ததோ அந்த ஊரைத் தன் பெயருக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

1858 வாக்கில் அவர் சென்னையை விட்டுக் கிளம்பினார். நகரத்து ஆரவாரம் அவருக்கு ஒத்துவரவில்லை. சிதம்பரத்தைத் தரிசித்துவிட்டு, வடலூருக்குப் பக்கத்தில் உள்ள கருங்குழி என்ற சிற்றூரில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். அங்கே சுமார் ஒன்பது ஆண்டுகள். ரெட்டியாரின் மனைவி முத்தியாலம்மாள் அவருக்கு வேண்டியதைப் பார்த்துக்கொண்டார். எண்ணெய் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றியும் விளக்கு எரிந்தது என்று பக்தர்கள் சொல்லும் நிகழ்ச்சி அந்த வீட்டில் நடந்ததுதான். அது அன்றைய தென்னார்க்காடு மாவட்டம். கலெக்டர் கச்சேரியும் கோர்ட்டும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தன. அப்போது கடலூரைக் கூடலூர் என்றே எழுதுவார்கள்.

சென்னையில் விட்டு வந்த அன்பர்களுக்கும் அவருக்கும் இடையில் இருந்த ஒரே பாலம் தபால். அந்தத் தபாலும் அப்போது புதுசு. 1854 அக்டோபர் 1 முதல்தான் இந்தியா முழுவதற்கும் ஒரே கட்டணம் வந்தது. கால் தோலா எடை வரைக்கும் உள்ள கடிதத்துக்கு அரை அணா. எவ்வளவு தூரமானாலும் அதே அரை அணா. விக்டோரியா ராணியின் தலை போட்ட தபால்தலையை ஒட்டிவிட்டால் கருங்குழியில் எழுதியது சென்னைக்குப் போய்ச் சேரும். தலை ஒட்டாமல் போட்டால் பேரிங். வாங்குகிறவர் கையிலிருந்து காசு போகும். முன்பின் தெரியாத ஆளுக்கும் ஓர் அரை அணாவில் எழுதலாம் என்ற நிலைமை தமிழ்நாட்டுக்கு அப்போதுதான் வந்திருந்தது. கூடவே, யாரை எப்படி விளிப்பது, உறையின் மேல் என்ன எழுதுவது என்ற கேள்வியும் பெரிதாகிவிட்டது.

அந்தக் காலத்து உறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெயருக்கு முன்னால் ‘மகாராஜராஜஸ்ரீ’ சுருங்கி ம.ரா.ரா.ஸ்ரீ என்று நிற்கும். பின்னால் ‘அவர்கள்’. அதற்கும் பின்னால் ‘சமூகத்துக்கு’. சின்னவர் என்றால் சிரஞ்சீவி. பெண் என்றால் சௌபாக்கியவதி. இந்த ஒரு சொல்லிலேயே அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, கணவர் உயிரோடு இருக்கிறார் என்ற இரண்டு செய்திகளும் தபால்காரர் முதல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் வரை எல்லாருக்கும் தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் கடிதம் ஒட்டியிருக்கும், உறை மட்டும் வீட்டு விஷயத்தைத் தெருவில் சொல்லிக்கொண்டே போகும். இன்றைக்கும் விண்ணப்பப் படிவத்தில் திருமதியா செல்வியா என்று கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். மின்கட்டண ரசீதுக்கும் புத்தகச் சந்தாவுக்கும் அந்தத் தகவல் எதற்கு என்று யாரும் விளக்கியதில்லை.

இராமலிங்கம் எழுதிய கடிதங்களில் வாங்குபவருக்கான விளி நீளமாக இருக்கும். அன்பு, ஒழுக்கம், சீவகாருண்யம் என்று அவர்களுடைய நற்குணங்களைச் சொல்லி, அவர்களுக்கு நன்மை உண்டாக வேண்டும் என்று வாழ்த்திய பிறகுதான் விஷயத்துக்கு வருவார். அடியில் தன் பெயரை வெறுமையாகப் போடுவார். எதிராளிக்குத் தாராளம், தனக்குச் சிக்கனம். அவருடைய கடிதங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

அவர் அதிகமாகக் கடிதம் எழுதிய அன்பர்களில் ஒருவர் சென்னையிலிருந்த இறுக்கம் இரத்தின முதலியார். இராமலிங்கத்தின் பாடல்கள் அங்குமிங்கும் ஏடுகளிலும் தாள்களிலும் சிதறிக் கிடந்தன. ஆளுக்கொரு பிரதி வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்து அச்சில் கொண்டுவர வேண்டும் என்பது முதலியாரின் ஆசை. இராமலிங்கம் பிடி கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்த முதலியார் கடைசியில் ஒரு முடிவெடுத்தார். பாடல்கள் கைக்கு வரும்வரை ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டுமே சாப்பிடுவது என்று. செய்தி கருங்குழிக்குப் போயிற்று. பசித்தவர் முகம் பார்க்கப் பொறுக்காதவர் அவர். பின்னாளில் வடலூரில் எல்லாருக்கும் சோறு போடத் தருமச்சாலை கட்டியவர். இந்தச் செய்தியைத் தாங்க முடியுமா? 1860ஆம் ஆண்டின் இறுதியில் அவர் எழுதிய கடிதத்தில், ஒரு வேளை மட்டும் சாப்பிடுவதை விட்டுவிடச் சொல்லி வற்புறுத்தி, பாடல்களை அனுப்பி வைப்பதாகவும் வாக்குக் கொடுத்தார்.

இப்படித்தான் திருவருட்பாவுக்கு வழி பிறந்தது. மனம் கனிந்து கொடுத்த சம்மதம் அல்ல. ஒருவர் பட்டினி கிடக்கிறாரே என்ற பதைப்பில் கொடுத்தது.

அதற்குப் பிறகும் ஆறாண்டுகளுக்கு மேல் ஆயின. இரத்தின முதலியாரோடு புதுவை வேலு முதலியாரும் சிவானந்தபுரம் செல்வராய முதலியாரும் சேர்ந்துகொண்டார்கள். மயிலை சிக்கிட்டி சோமசுந்தர செட்டியார் அச்சுச் செலவை ஏற்றார். பாடல்களைத் தொகுத்து வகைப்படுத்தும் வேலை தொழுவூர் வேலாயுத முதலியாருடையது. இடைப்பட்ட காலத்தில் சென்னைக்கும் கருங்குழிக்கும் கடிதங்கள் போய் வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில்தான் பெயர்ப் பேச்சு வருகிறது.

அன்பர்கள் அவரை இராமலிங்கசாமி என்று வழங்கத் தொடங்கியிருந்தார்கள். வெள்ளை உடுத்தியவர், பாடுகிறவர், சோதியைப் பற்றிப் பேசுகிறவர். சாமி என்று சொல்லத்தானே நம் ஆட்களுக்கு வாய் வரும்? ஆனால் அவர் இரத்தின முதலியாருக்கு எழுதிய கடிதத்தில், தன்னை அப்படி வழங்கச் செய்வதில் தனக்குச் சம்மதம் இல்லை என்று நேரடியாகவே எழுதிவிட்டார். காரணமும் சொன்னார். அது ஆரவாரத்துக்கு நெருங்கிய பெயராகத் தோன்றுகிறதாம். ஆகவே அப்படி வழங்காமல் இருக்க வேண்டும். விஷயம் இரண்டு மூன்று வரிதான். கோபம் இல்லை, உபதேசம் இல்லை. தன் பெயர் எது என்று ஒரு மனிதர் தெளிவாகச் சொல்கிறார், அவ்வளவுதான்.

சிலர் இதைப் பெரியவர்களின் அடக்கம் என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். அப்படிக் கடப்பது அநியாயம் என்பது என் கருத்து. அடக்கத்துக்காகச் சொல்வதை மறுபடி வற்புறுத்தலாம். விருந்தாளி போதும் என்று சொன்ன பிறகும் இன்னொரு கரண்டி போடுவது நம் மரபு. ஆனால் சம்மதம் இல்லை என்று எழுத்தில் வந்த சொல்லை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதுவும் சொற்களை எடை போட்டு வைத்தவர் எழுதியது. ‘சமரச வேத சன்மார்க்க சங்கம்’ என்று 1865இல் தொடங்கிய சங்கத்துக்கு, வேதம் என்ற சொல் இனி வேண்டாம் என்று தோன்றியபோது, 1872இல் ‘சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்’ என்று பெயரை மாற்றி வைத்தவர் அவர். தன் பெயர் விஷயத்தில் மட்டும் அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாரா?

சாமி என்ற பட்டம் முகப்புப் பக்கத்துக்கு வரவில்லை. அந்த அளவுக்கு அவர் பேச்சைக் கேட்டார்கள். வேறொன்று வந்தது.

இதில் தொழுவூர் வேலாயுத முதலியாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய படிப்பாளி. சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர். இளம் வயதில், 1849இல், இராமலிங்கத்திடம் மாணவராகச் சேர்ந்தார். சேர்ந்ததைப் பற்றி ஒரு கதை உண்டு. குருவைச் சோதிக்க வேண்டும் என்று சங்க நடையில் நூறு பாட்டுத் தானே எழுதி, பழைய ஏடுகளில் கிடைத்ததாகச் சொல்லி நீட்டினாராம். இராமலிங்கம் பார்த்த மாத்திரத்தில் இது சங்கப் புலவர் எழுதியதல்ல, இப்போது யாரோ எழுதியது என்று சொல்லிவிட்டாராம். கதை உண்மையானால், எந்த எழுத்துக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்ற பாடத்தோடுதான் இவர்கள் உறவே ஆரம்பித்திருக்கிறது.

அந்த வேலாயுத முதலியார்தான் நூலுக்குத் திருவருட்பா என்று பெயர் வைத்தார். பாடல்களை ஆறு பகுதியாக்கி ஒவ்வொன்றையும் திருமுறை என்றார். ஆசிரியர் பெயருக்கு முன்னால் திருவருட்பிரகாச வள்ளலார் என்று சேர்த்து, ‘என்னும்’ போட்டு, அதற்குப் பிறகு சிதம்பரம் இராமலிங்க பிள்ளையவர்கள் என்று அச்சிட்டார். கடிதத்தின் அடியில் வெறுமையாக நின்ற பெயர் இங்கே முன்னாலும் பின்னாலும் நீண்டு போனது.

புத்தகத்தைப் பார்த்த இராமலிங்கம் வருந்தினார் என்றும், ஏன் இப்படிப் போட்டீர் என்று கேட்டார் என்றும் அன்பர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். முதலியார் பண்டிதர் அல்லவா, பதில் தயாராக வைத்திருந்தாராம். வள்ளலார் என்பதைப் பட்டமாகப் படிக்க வேண்டாம், திருவருட்பிரகாச வள்ளல் யார் என்று தேடுகிற இராமலிங்கம் என்று பிரித்துப் படித்துக்கொள்ளலாம் என்றாராம். கேள்விப்படும்போது சாமர்த்தியமாகத்தான் இருக்கிறது. ஆனால் வருத்தப்படுகிறவருக்குச் சமாதானம் சொல்லத்தான் அந்தப் பிரிப்பு உதவியிருக்கும். புத்தகம் வாங்கிய ஒருவர்கூட அப்படிப் பிரித்துப் படித்திருக்க மாட்டார்.

வருந்தியதோடு விட்டார். அவருக்கு அதைவிடப் பெரிய வேலைகள் இருந்தன. அதே 1867ஆம் ஆண்டு மே 23இல் வடலூரில் தருமச்சாலை திறக்கப்பட்டது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை எரிகிறது.

ஆனால் பெயர் சும்மா இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அப்போது தமிழ்நாட்டிலும் பெரிய ஆள். சிதம்பரத்தில் 1864இல் சைவப்பிரகாச வித்தியாசாலை என்று பள்ளிக்கூடமே நிறுவியிருந்தார். அவருக்குத் தேவாரம், திருவாசகம் முதலியவைதாம் அருட்பா. திருமுறை என்ற சொல் அவற்றுக்கே உரியது. திருவாய்மலர்ந்தருளினார் என்று நாயன்மார்களைச் சொல்லலாம், நம் காலத்தில் வாழும் ஒருவரை எப்படிச் சொல்லலாம்? அவருடைய கண்டனத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். பாடல்களின் உள்ளடக்கத்தைவிட முகப்புப் பக்கத்துச் சொற்கள்தாம் அவரை முதலில் சுட்டன. நூலின் பெயர், பகுதிகளின் பெயர், ஆசிரியருக்குக் கொடுத்த பட்டம். மூன்றும் இராமலிங்கம் சூட்டியவை அல்ல.

பதிலுக்குப் பதில் துண்டுப் புத்தகங்கள் பறந்தன. ‘போலியருட்பா மறுப்பு’ என்பது அவற்றில் பேர்போனது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பெயரில் போடுவதும் அந்தச் சண்டையில் நடந்தது. 1869இல் சிதம்பரம் கோயிலில் கூடிய ஒரு கூட்டத்தில் தன்னை இழிவாகப் பேசினார்கள் என்று நாவலர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். எதிரிகளில் தில்லைத் தீட்சிதர்களோடு இராமலிங்கமும் ஒருவர். ஆரவாரம் வேண்டாம் என்று கடிதம் எழுதியவர் கடலூர்க் கோர்ட்டுப் படியேறினார். அவருக்குத் தண்டனை எதுவும் இல்லாமல் வழக்கு முடிந்தது. அவர் உள்ளே நுழைந்தபோது வழக்குப் போட்ட நாவலரே எழுந்து நின்றார் என்று சன்மார்க்கத்தார் சொல்வார்கள். அது நடந்ததோ இல்லையோ, கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தது நடந்தது. பட்டம் கொடுத்தவர்கள் சென்னையில் இருந்தார்கள். பட்டத்துக்குப் பதில் சொன்னவர் இவர். அருட்பாவா மருட்பாவா என்ற இந்தச் சண்டை அவர் மறைந்த பிறகும் ஓயாமல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா.கதிரைவேற்பிள்ளை ஒருபக்கமும் மறைமலையடிகள் மறுபக்கமும் நிற்க, மேடையேறிக்கொண்டிருந்தது.

நாவலர் என்பதும் ஒருவர் கொடுத்த பட்டம்தான். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்தது. அவர் அதை ஏற்றுக்கொண்டார். வேதாசலம் தன்னை மறைமலை ஆக்கிக்கொண்டார். கடலூருக்குப் பக்கத்துத் திருவதிகையில் தருமசேனர் நாவுக்கரசர் ஆனார், பிறகு சம்பந்தர் அப்பரே என்று கூப்பிட, அதுவும் அவர் பெயராயிற்று. திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனார். சிதம்பரத்தில் வாழ்ந்த எழுத்தாளர் மணிக்கு, ‘மணிக்கொடி’ இதழின் பி.எஸ்.ராமையா மௌனி என்று பெயர் வைத்தார், அவரும் அந்தப் பெயரிலேயே கடைசிவரை எழுதினார். பிறர் வைத்த பெயரே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. வாங்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள், வேண்டாம் என்றவரும் இருக்கிறார். வேண்டாம் என்றவரிடம் கொண்டுபோய்த் திணித்த இந்த ஒரு இடம்தான் என்னை உறுத்துகிறது.

படம் எடுக்கும் விஷயத்திலும் அவரை விடவில்லை. சென்னையிலிருந்து மாசிலாமணி முதலியார் என்ற புகைப்படக்காரரை வரவழைத்து எட்டு முறை எடுத்தும் வெள்ளைத் துணி மட்டும்தான் விழுந்தது, உருவம் விழவில்லை என்று பக்தர்கள் சொல்கிறார்கள். பண்ணுருட்டிக் குயவர் ஒருவர் மண்ணில் அவர் உருவத்தைச் செய்து கொண்டுவந்து கொடுத்தபோது, அதை அவர் கீழே போட்டு உடைத்தார் என்பதும் சொல்லப்படுவதுதான். அற்புதம் இருக்கட்டும். தன் உருவம் எல்லார் கையிலும் போவதை அவர் விரும்பவில்லை என்பது அந்தக் கதைகளிலேயே இருக்கிறது. நாம் இன்று கும்பிடும் முகம் ஓவியர்கள் வரைந்தது. 2007இல் அஞ்சல் துறை வெளியிட்ட தபால்தலையில் இருப்பதும் அப்படி ஒரு முகம்தான்.

அவர் காலத்துக்கும் நம் காலத்துக்கும் இந்த விஷயத்தில் பெரிய தூரம் இல்லை. கடலூரில் ஒரு திருநங்கையின் வீட்டுக்கு வரும் கடித உறையை நினைத்துப் பாருங்கள். அரசிதழில் பெயர் மாற்றம் வந்தாகிவிட்டது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் அவரைப் புதுப் பெயரில்தான் அறிவார்கள். ஒரு கணக்குப் பதிவேட்டில் மட்டும் பழைய பெயர் கிடக்கிறது, கண்ணாடித் தாள் வைத்த உறையின் வழியாக அந்தப் பெயர் பளிச்சென்று தெரிகிறது. தபால்காரர் வாசலில் நின்று சத்தமாகப் படிக்கிறார். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்துகிறவருக்குக் கேட்கிறது. எவ்வளவோ ஆண்டுகள் கஷ்டப்பட்டுக் கடந்து வந்ததை ஓர் உறை அரை நிமிடத்தில் தெருவுக்குச் சொல்லிவிடுகிறது. அனுப்பியவருக்கு யார்மேலும் பகை இல்லை. அவர் பட்டியலில் இருந்ததை அடித்து அனுப்பினார், அவ்வளவுதான். பகை இல்லாமலேயே இது நடக்கிறது என்பதுதான் இதில் கொடுமை.

சட்டம் மெல்ல வந்து சேர்ந்திருக்கிறது. திருநர்களுக்கென்று நல வாரியம் தமிழ்நாட்டில் 2008இல் அமைந்தது. தான் யார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவரவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15இல் நால்சா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24இல் சொன்னது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. உங்களைப் பற்றிய தகவலில் பிழை இருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்கும் உரிமை அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் உறையின் மேல் பெயரை எழுதுகிற கை எந்தத் தீர்ப்பையும் படித்துவிட்டு எழுதுவதில்லை. கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும், கேட்காமலேயே பெயரைப் போட்டு, பின்னால் சாதிப் பெயரையும் ஒட்டி, செல்பேசி எண்ணையும் அடியில் அச்சடித்துவிட்டுக் ‘கௌரவத்துக்குத்தானே போட்டோம்’ என்கிறோம். இராமலிங்கத்தின் அன்பர்களும் கௌரவத்துக்குத்தான் போட்டார்கள்.

முன்பின் தெரியாதவருக்கு எழுதும்போது நான் செய்வது ஒன்றுதான். அவர் தன் பெயரை எங்கே எப்படி எழுதியிருக்கிறார் என்று தேடுவேன். கையெழுத்தில், புத்தகத்தில், அவரே அனுப்பிய கடிதத்தில். முன்னெழுத்தைப் போட்டிருந்தால் போடுவேன், விட்டிருந்தால் விடுவேன். எதுவும் கிடைக்கவில்லை என்றால் முதல் வரியிலேயே கேட்டுவிடுவேன். கேட்டதற்காக இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. தங்களிடம் ஒருவர் அப்படிக் கேட்டதே இல்லை என்று சொன்னவர்கள் உண்டு.

இராமலிங்கம் 1870இல் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்துக்குப் போனார். 1874 ஜனவரி 30 இரவு அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்தாம் திருமுறை 1880இலும் ஆறாம் திருமுறை 1885இலும் அச்சாயின. அப்போது முகப்புப் பக்கத்தைப் பற்றிக் கேட்க அவர் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் ஆ.பாலகிருஷ்ண பிள்ளை ஒரு பெரிய காரியம் செய்தார். அருட்பாவைப் பன்னிரண்டு புத்தகங்களாகப் பதிப்பித்தபோது, இராமலிங்கத்தின் கடிதங்களையும் தேடிச் சேர்த்தார். பிறகு வந்த ஊரன் அடிகள் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். தனி மனிதர் தனி மனிதருக்கு எழுதியது இப்படி அச்சில் வரலாமா என்ற கேள்வி எனக்கும் உண்டு. இரத்தின முதலியார் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டது அவர் வீட்டு விஷயம், அது இன்று நமக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. ஆனாலும் இந்த ஒரு கடிதத்துக்காக அவற்றை அச்சிட்டது சரி என்றே சொல்வேன். அது இல்லாவிட்டால், அவர் எந்தப் பெயரை வேண்டாம் என்றார் என்பதற்கு அவர் கைப்பட எழுதிய சான்று நம்மிடம் இருந்திருக்காது. முகப்புப் பக்கம் சொல்வதை மட்டுமே நம்பியிருப்போம்.

தான் ஆசையோடு வழங்கிய பெயரை மறுத்து வந்த கடிதத்தைக் கிழித்துப் போட இரத்தின முதலியாருக்கு எல்லா வசதியும் இருந்தது. கிழித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் அதை மற்றக் கடிதங்களோடு பத்திரமாக வைத்திருந்தார்.